எலி இருக்கும்போது குரங்குக் கருவில் ஏன் மரபணுவை மாற்றுகிறார்கள்?

ஒகேனக்கல்லில் என் பொரிப் பொட்டலத்தைப் பறித்த குரங்கு, முடிச்சைப் பல்லால் கடித்து, விரல்களால் பிரித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. அந்த விரல் வேலையும் அதை ஆளும் மூளையும் எலிக்கு இல்லை. பாதி விடை அதுதான். ஹன்டிங்டன் என்னும் பரம்பரை மூளை நோய் மனிதரின் அசைவையும் அறிவையும் குலைப்பது; அதை ஆராய அப்படிப்பட்ட விரலும் மூளையும் உள்ள விலங்கு வேண்டும் என்பது மீதி விடை. 2008-இல் அமெரிக்காவில் அந்நோய்க்கான மரபணுவை வைரஸ் வழியாக ரீசஸ் குரங்கின் முட்டைக்குள் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளில் சில விரைவிலேயே இறந்தன. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

2014-இல் சீன ஆய்வாளர்கள் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் ஒற்றைச் செல் கருவிலேயே மரபணுவை வெட்டி, அதன்பின் பிறந்த இரட்டைக் குரங்குக் குட்டிகளை அறிவித்தார்கள். ஆனால் கரு பல செல்களாகப் பிரியத் தொடங்கிய பிறகும் அந்தக் கத்தரி ஓய்வதில்லை. ஒரே குட்டியில் மாறிய செல்லும் மாறாத செல்லும் கலந்துவிடுகின்றன. எந்த அறிகுறி எதனால் வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு.