கட்சி மாறாதவரின் குணம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கல்லூரி ஆய்வேட்டுக்காகப் பாம்பனில் மீனவர்களிடம் பத்துக் கேள்வி குணச்சோதனையோடு, 'கடைசி இரண்டு தேர்தலில் எந்தச் சின்னம்?' என்றும் கேட்டு வருகிறேன். கட்சி மாறாதவர்கள் பொறுப்புணர்ச்சி கூடியவர்களாக இருப்பார்கள் என்று நினைத்தேன். கணக்கில் அப்படி வரவில்லை. எங்கே தவறு?

– ஒரு மாணவர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

எதிர்பார்ப்பிலேயே ஒரு தவறு. அமெரிக்க ஆய்வுகளில் பொறுப்புணர்ச்சி, ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதோடுதான் ஒட்டுகிறது; அங்கே அது பழமைவாதப் பக்கம். பிடிப்பின் இறுக்கம் வேறு சங்கதி. கலகலப்பாகப் பழகுபவர்களும் இணங்கிப் போகிறவர்களும் கட்சியை இறுக்கிப் பிடிக்கிறார்கள், புதுசு தேடும் மனசுக்காரர்கள் தளர்த்திப் பிடிக்கிறார்கள். அதுவும் லேசான தொடர்புதான்.

அடுத்தது மதிப்பெண். ஒரு குணத்துக்கு இரண்டு கேள்வி, ஒன்று தலைகீழ், அதாவது அந்தக் குணத்தின் எதிர்ப்பக்கத்தைக் கேட்பது. 1 முதல் 7 வரை என்றால் தலைகீழ்க் கேள்வியின் எண்ணை 8-இல் கழித்துவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். 'பொறுப்பானவன்' என்பதற்கும் 6, 'ஒழுங்கில்லாதவன்' என்பதற்கும் 6 என்று ஒருவர் சொன்னால் 6-உம் 2-உம் சேர்ந்து சராசரி 4. அவர் நடுத்தரக் குணக்காரர் அல்ல, எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர். அந்தத் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். ஏலக்கூடத்தில் நாலு பேர் சூழக் கேட்டால் தலையாட்டல் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஒவ்வொருவராகத் தள்ளி உட்காரவைத்துக் கேளுங்கள்.

பெரிய ஓட்டை, 'எந்தச் சின்னம்?' என்ற கேள்வியில்தான். கூட்டணிக்காக முஸ்லிம் லீக்கின் ஏணிக்குக் குத்திய தி.மு.க.காரர் கட்சி மாறியவரா? 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்று இரண்டாமிடம் வந்தார். இரட்டை இலை மூன்றாமிடம். இலையை விட்டுப் பலாப்பழத்துக்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள், 'மாறாதவன் நான்தான்' என்பார்! யாருக்கு வாக்களித்தார் என்பதை விட்டுவிட்டு, 'உங்களை எந்தக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்வீர்கள்?', 'அழுத்தமாகவா, சுமாராகவா?', 'எந்தக் கட்சியும் இல்லையென்றால் எது கொஞ்சம் பக்கம்?' என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கட்சி வேலை பார்க்கிறாரா என்பது நான்காவது; பற்றோடு அதைக் குழப்ப வேண்டாம்.

முடிந்தால் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைத் தனித்தனியே பிடியுங்கள். அப்பாவின் கட்சி, தெரு, சர்ச்சோ ஜமாத்தோ, எல்லாம் இருவருக்கும் ஒன்று. அதற்குப் பிறகும் பிடிப்பில் வித்தியாசம் தெரிந்தால் அங்கே குணத்தைத் தேடலாம். படகு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; அண்ணன் தம்பிக்குள் அது வேறுபடலாம்.