ஜிசி-ல ஹீலியம் சிலிண்டர் நிக்கவே மாட்டேங்குது, ஹைட்ரஜன் ஜெனரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், சின்ன டெஸ்டிங் லேப் வச்சிருக்கோம். ஒரே ஒரு ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப், சாம்பிளை ஆவியாக்கி பிரிச்சு காட்டுற மெஷின்), எஃப்ஐடி டிடெக்டர் (தீச்சுடர் வச்சு அளக்குறது), சமையல் எண்ணெய்ல ஃபேட்டி ஆசிட் பாக்குறோம். கேப்பிலரில (சாம்பிளை பிரிக்கிற மெல்லிசு குழாய்) ஹீலியம் நிமிஷத்துக்கு 1 மில்லி தான் போகுது, ஸ்ப்ளிட் 100:1 (கேப்பிலரிக்கு ஒரு பங்குன்னா 100 பங்கு வெளிய). ஆனா பெரிய சிலிண்டர் ஒன்றரை மாசத்துல காலி. டீலர் ஹைட்ரஜன் ஜெனரேட்டர் வாங்கிடுங்கன்னு லட்சக்கணக்குல கொட்டேஷன் குடுத்திருக்கார். எங்கயாவது லீக்கா?

பதில்: கொட்டேஷனை கொஞ்சம் ஓரமா வைங்க சார், உங்க ஒன்றரை மாசம் கணக்குக்கு கரெக்டா வருது, லீக் மாதிரி தெரியல.

கேப்பிலரிக்கு போற 1 மில்லி மட்டும் தான் செலவுன்னு நினைக்கிறீங்க, ஆனா இன்லெட்டுக்குள்ள (சாம்பிளை ஊசில ஏத்துற இடம்) வர்ற கேஸ் மூணு வழியா வெளிய போகுது. கேப்பிலரிக்கு 1, செப்டம் பர்ஜ்க்கு (ஊசி குத்துற ரப்பர் அடைப்புக்கு அடியில அழுக்கை தள்ளுற கேஸ்) சுமார் 3, ஸ்ப்ளிட் 100:1ன்னா ஸ்ப்ளிட் வென்ட்ல (மிச்ச கேஸ் வெளிய போற வழி) 100, ஆக நிமிஷத்துக்கு 104 மில்லி. ஒரு நாளைக்கு 150 லிட்டர். 47 லிட்டர் சிலிண்டர் 150 பார்ல ஃபுல்லா இருந்தா தோராயமா 7000 லிட்டர், வகுத்து பாருங்க, 47 நாள் வரும். அந்த 1 மில்லி மட்டும்னா 13 வருஷம் ஓடணும்! இன்ஜெக்ஷனே இல்லாத ராத்திரிலயும் அந்த 100 மில்லி சும்மா போயிட்டே இருக்கு, அதான் வயித்தெரிச்சல்.

மெத்தட்ல (மெஷின்ல சேவ் பண்ணின செட்டிங்) கேஸ் சேவர்னு ஒரு ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, இபிசி (எலெக்ட்ரானிக் பிரஷர் கன்ட்ரோல்) இருக்கிற மெஷின்ல பெரும்பாலும் இருக்கும், யாரோ ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. இன்ஜெக்ஷன் ஆகி 3 நிமிஷத்துல ஸ்ப்ளிட் வென்ட் 20 மில்லிக்கு இறங்குற மாதிரி வைங்க. அதுக்கு முன்னாடியே இறக்காதீங்க, சாம்பிள் லைனரை (இன்லெட்டுக்குள்ள இருக்கிற கண்ணாடி குழாய்) விட்டு போயிருக்காது, ஸ்ப்ளிட் கணக்கு கெட்டுடும். ரொம்ப கீழயும் போகாதீங்க, இன்லெட்ல அழுக்கு தங்கி பேஸ்லைன்ல (கிராஃபோட அடிக்கோடு) தெரியும். அரைமணி நேர ரன்னுன்னா சராசரி 32 மில்லி வரும், அதாவது சிலிண்டர் 5 மாசம் தாங்கும். செப்டம் பர்ஜ்ல கை வைக்க வேணாம், அந்த 3 மில்லில மிச்சமாகி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

லீக் சந்தேகம் தீரணும்னா இன்ஸ்ட்ருமென்ட் பக்கத்து வால்வை மூடி, சிலிண்டர் வால்வையும் மூடிட்டு போங்க, காலைல ரெகுலேட்டர் முள்ளு இறங்கிருந்தா லைன்ல தான் ஓட்டை. ஜிசி அடுப்பு (கேப்பிலரி இருக்கிற சூடான பெட்டி) ஆறினப்புறம் செய்யுங்க, கேஸ் இல்லாம சூட்டுல விட்டா கேப்பிலரி போச்சு. கேப்பிலரி ஜாயின்ட்ல சோப்பு தண்ணி மட்டும் வைக்காதீங்க, உள்ள போயிடும்.

ஹைட்ரஜன் மோசம்னு சொல்லல, வேகமா ஓடும். ஆனா அடுப்புக்குள்ள கசிஞ்சா ஆபத்து, மெத்தட் மறுபடி வேலிடேட் பண்ணணும் (ரிசல்ட் சரியா வருதுன்னு நிரூபிக்கணும்), அந்த செலவு கொட்டேஷன்ல இருக்காது. ரெண்டு சிலிண்டர் கேஸ் சேவரோட ஓட்டி பாத்துட்டு, அப்புறமும் கட்டுப்படியாகலன்னா டீலர்கிட்ட பேசுங்க, அப்போ ஃபில்டர், சர்வீஸ் கான்ட்ராக்ட் எல்லாம் சேத்து ரேட் கேளுங்க.