மூளை நோய் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தாயாருக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்ததிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகள் மூளை நோய் ஆராய்ச்சிக்கே போவேன் என்று சொல்லி வருவதாகவும், இது பாட்டி மேல் உள்ள பாசத்தில் எழுந்த வேகமா, நிலைத்து நிற்கும் விருப்பமா என்று புரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் பிறந்த விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆயினும் இந்தத் துறையில் பத்தாண்டுகள் நிலைத்திருக்க அன்றாட வேலையே பிடித்திருக்க வேண்டும் என்பதால், அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்கிறேன்.

திசு ஆய்வு செய்யும் கூடத்தில் புதிதாகச் சேரும் மாணவர், மெழுகுக் கட்டியில் பதித்த மூளைத் திசுவை மைக்ரோடோம் கருவியில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவக் கற்றுக்கொள்வார். நாடாவைப் போல நீண்டு வரும் அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி, அமிலாய்டு புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும் இடங்களை நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவார். சீவல் மடங்கிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் உழைத்த பின், ஒப்பிட்டுப் பார்த்த இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு எதுவும் இல்லை என்று முடிவு வரலாம். அதையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். இந்தப் பொறுமை தங்கள் மகளிடம் இருக்கிறதா என்பதே, மதிப்பெண்ணைவிட முக்கியமாக நான் பார்க்கும் விஷயம்.

அந்தத் திட்டுகளையும், நரம்புச் செல்லுக்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும் இழைகளையும் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்தது 1906-இல். அமிலாய்டை அகற்றி நோயின் வேகத்தைக் குறைக்கும் லெக்கனமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் முழு ஒப்புதல் கிடைத்தது 2023-இல். அதுவும், ஆரம்ப நிலையில் இருந்த நோயாளிகளிடம் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை ஏறத்தாழ 27 சதவீதம் மட்டுப்படுத்தியதே தவிர, இழந்த நினைவை மீட்டுத் தரவில்லை. பாட்டியைக் குணப்படுத்தத்தான் இந்தப் படிப்பு என்று அவர் மனத்தில் இருந்தால், தாங்களே பக்கத்தில் அமர்ந்து இந்தக் காலக்கணக்கைப் பரிவோடு எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் விருப்பம் மாறவில்லை என்றால் அதை நம்பலாம்.

இந்தியாவில் இதற்கு இடமுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் நினைவும் சிந்தனையும் மங்கும் நிலையுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தில், ஆய்வுக்காகத் தானமாகப் பெற்ற மூளைகளைப் பாதுகாக்கும் மூளை வங்கி இருக்கிறது. அதே நகரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உள்ளது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து 2024-இல் உலகுக்கு வெளியிட்டது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையத்தினர் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் நடத்தும் ஆய்வு. 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்கள் பத்தாயிரம் பேரைச் சேர்த்து, அவர்களின் மூளை முதுமையில் எப்படி மாறுகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதே அதன் நோக்கம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் நினைவாற்றலை எப்படிச் சோதிப்பது? நகரத்துப் பட்டதாரிக்கென அமைந்த கேள்வித்தாள் அங்கே உதவாது. அதனால் உளவியலாளர்களும் புள்ளியியல் அறிந்தவர்களும் மக்களிடம் நிதானமாகப் பேசத் தெரிந்த களப்பணியாளர்களும் இத்தகைய ஆய்வுகளுக்குத் தேவைப்படுகிறார்கள். மூளை ஆராய்ச்சி என்றாலே நுண்ணோக்கி என்று தங்கள் மகள் நினைத்திருந்தால், இந்தப் பக்கத்தையும் அவர் பார்க்கட்டும்.

இனி வழிமுறை. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கவும் விரும்பினால் மருத்துவப் படிப்பே சரி. எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, எம்டி மூன்று, நரம்பியலில் டிஎம் என்ற உயர்சிறப்புப் படிப்பு மூன்று என்று அந்தப் பாதை நீளும். நோய் ஏன் வருகிறது என்ற கேள்விதான் அவரை இழுக்கிறது என்றால், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் (இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த) படிப்பை முதலில் சொல்வேன். அதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே சென்னை ஐஐடியின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பிஎஸ் படிப்புக்கும் சேர்க்கை நடக்கிறது. அத்தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலிருந்தும் சம அளவில் கேள்விகள் வரும். தங்கள் மகள் கணிதம் இல்லாத பிரிவில் படிப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். விண்ணப்பிக்க அது தடையில்லை என்றாலும், கணிதத்தை இப்போதே தனியாகப் படிக்கத் தொடங்க வேண்டும். பிற்காலத்திலும் கணிதமும் நிரலெழுதும் பயிற்சியும் இல்லாமல் இந்தத் துறையில் சிரமப்படுவார்.

இடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். நல்ல கல்லூரியில் விலங்கியல், உயிர்வேதியியல், உளவியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்து, முதுகலை முடித்து வருபவர்கள் இத்துறையில் ஏராளம். இளங்கலையிலேயே கவர்ச்சியான பெயர் சூட்டிய தனிப் படிப்புகளுக்குப் பெருந்தொகை கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயதில் அடிப்படை வலுவாக இருந்தால் போதும். இளங்கலைக் காலத்திலேயே இந்திய அறிவியல் அகாதெமிகள் வழங்கும் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு அவர் விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்து பார்த்தால் அவருக்கே தெளிவு பிறந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. ஆகவே அந்தக் கட்டத்தில் தாங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. அதுவரையிலான ஐந்தாண்டுகளுக்கே திட்டமிடுங்கள். நிரந்தரப் பேராசிரியர் பணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது உண்மை. மருந்து நிறுவனங்கள், மருத்துவப் பரிசோதனைகளை நடத்தும் நிறுவனங்கள், ஸ்கேன் படங்களைக் கணினி வழியே ஆராயும் பணிகள் ஆகியவையும் இவர்களைத் தேடுகின்றன.

முப்பது வயதாகும் வரை நிலையான சம்பளம் வராமல் போகலாம் என்பதை, திருமணப் பேச்சு எழும் முன்பே குடும்பத்தில் எல்லோரும் மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளின் ஆய்வு பாதியில் நிற்பதற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீட் தேர்வையும் ஐஏடி தேர்வையும் ஒரே ஆண்டில் எழுதலாம். ஆகவே இப்போது எதையும் கைவிட வேண்டியதில்லை. ஐஏடி விண்ணப்பம் வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவரிடம் தனியாகச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.