முதல் தடவை ஃபிட்ஸ் வந்த பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் 18 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கேள்விகளையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 24, ஐடி வேலை, நைட் ஷிஃப்ட். ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. டாக்டர் மாத்திரை வேண்டாம் என்கிறார். வீட்டில் வேறு டாக்டரைப் பார் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

ஸ்கேனும் ஈஈஜியும் (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) நார்மல் என்றால் பெரும்பாலும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. ஒரு தடவை வலிப்பு வருவது வேறு, வலிப்பு நோய் வேறு. பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு வலிப்பு வரக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தெளிவான தூண்டுதல் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தால்தான் வழக்கமாக அதை நோய் என்போம். ஸ்கேனிலோ ஈஈஜியிலோ மறுபடி வருவதற்கான பலமான அடையாளம் தெரிந்தால் மட்டும் முதல் தடவையிலேயே சொல்லிவிடுவோம். பெரியவர்களுக்கு முதல் வலிப்புக்குப் பின் இரண்டு வருடத்துக்குள் மறுபடி வரும் வாய்ப்பு 21 முதல் 45 சதவீதம், அதிலும் முதல் வருடத்தில்தான் அதிகம். உடனே மாத்திரை ஆரம்பித்தால் அந்த ஆபத்து குறையும், ஆனால் காத்திருந்து பார்ப்பதால் பின்னாளில் குணமாகும் வாய்ப்பு கெட்டுப்போவதில்லை. எனவே, நீங்கள் தனியாகத் தங்கியிருக்கிறீர்களா, உயரத்தில் ஏறி வேலை செய்பவரா, இன்னொரு தடவை வந்தால் என்ன இழப்பீர்கள் என்பதையெல்லாம் வைத்து டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

ஒன்று கேட்கிறேன், டாக்டரிடம் முழுக்கச் சொன்னீர்களா? தொடர்ந்து அதிகமாகக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளாலும் வரலாம், கற்பூரம் வயிற்றுக்குள் போனாலும் வரலாம். அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது குடியைப் பற்றிக் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. தனியாக ஒரு தடவை போய்ச் சொல்லுங்கள், சிகிச்சையே மாறிவிடும். நைட் ஷிஃப்டை மாற்றச் சொல்லி ஆபீசில் கேட்கத் தேவையான கடிதத்தையும் டாக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது, ஹாஸ்டலில் இருக்கிறேன். பரீட்சைக்காக இரவெல்லாம் விழித்திருந்த மறுநாள் காலை ஃபிட்ஸ் வந்தது. ஒரு வருடமாகவே காலையில் கை திடீரென்று உதறும், பிரஷ் கீழே விழுந்துவிடும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

தம்பி, நிச்சயமாக உண்டு, நல்லவேளை கேட்டீர்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை வெட்டி இழுப்பது, காபி டம்ளர் சிதறுவது, தூக்கம் கெட்டால் அது அதிகமாவது, இதெல்லாம் இளம்வயது மயோக்ளோனிக் வலிப்பு என்ற வகையின் அடையாளங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டுக்குள் ஆரம்பிக்கும். நிறையப் பேர் இதை நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து வைட்டமின் மாத்திரை சாப்பிட்டே வருடங்களைக் கடத்துகிறார்கள். டாக்டரும் குறிப்பாகக் கேட்காவிட்டால் யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் இதுவும் ஒரு வலிப்புதான் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. இந்த உதறல்களும் வலிப்புதான் என்றால், அன்று உங்களுக்கு வந்தது 'முதல்' வலிப்பு அல்ல. மாத்திரை வேண்டுமா என்ற கேள்வியின் பதிலே இங்கே மாறிவிடுகிறது.

இன்னொரு விஷயம், எல்லா வலிப்பு மாத்திரையும் இதற்கு ஒத்துவராது. கார்பமாஸெபின், ஃபெனிடாயின் போன்றவை இந்த உதறலை அதிகமாக்கிவிடலாம். எனவே நண்பருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். உதறல் வரும் காலையில் ரூம்மேட்டை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அதை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். சரியான மருந்தில் பெரும்பாலோருக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் பல வருடம் சாப்பிட வேண்டியிருக்கும், தூக்கத்தில் கைவைக்கக் கூடாது.

கேள்வி: ஈஈஜி நார்மல். அப்படியென்றால் வந்தது வலிப்பு இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. ஈஈஜி அந்த அரை மணி நேரத்தில் மூளை எப்படி இருந்தது என்பதை மட்டும் காட்டும், வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே பலருக்கு முதல் ஈஈஜி நார்மலாகத்தான் வரும். தூக்கத்தைக் குறைத்துவிட்டு மறுபடி எடுத்தால் சிலருக்குத் தெரியும். எதைவிடவும் முக்கியம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வது, அவரையே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்து, எழுந்த பிறகும் வெகு நேரம் குழம்பிப்போய் இருந்தால் பெரும்பாலும் வலிப்பு. நின்றுகொண்டிருக்கும்போது கண் இருட்டி, வியர்த்து விழுந்து, உடனே தெளிந்துவிட்டால் அது சாதாரண மயக்கமாக இருக்கலாம். மயக்கத்திலும் கைகால் சில நொடி உதறும். ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்திருந்தால் காரணம் இதயத்திலும் இருக்கலாம், இதயத்தைப் பார்க்கும் ஈசிஜி எடுக்காமல் விடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஸ்கேனில் மூளையில் புழுக்கட்டி என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். எப்படி வரும்?

வரும், அம்மா. சைவக் குடும்பங்களில் இதை நிறையவே பார்க்கிறோம். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிடுபவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை மலத்தின் வழியாக மண்ணில், தண்ணீரில், கீரை காய்கறியில், சமைப்பவர் கையில் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கட்டி வருகிறது. இறைச்சியே தொடாதவர் கடையில் ஒரு பச்சைச் சட்னியோ சாலட்டோ சாப்பிட்டாலும் போதும். யார் மேலும் பழி போட வேண்டாம்.

இந்தியாவில் இளைஞர்களுக்குப் புதிதாக வரும் வலிப்புக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று, ஒரே ஒரு சிறிய கட்டி என்றால் நல்ல விதமாகவே முடியும். ஆல்பெண்டசோலும் கூடவே ஸ்டீராய்டும் சில நாட்கள் கொடுப்பார்கள், வலிப்பு மாத்திரை தனி. ஆல்பெண்டசோல் பூச்சி மாத்திரைதானே என்று மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பு அதிகமாகலாம். காசநோய்க் கட்டியும் ஸ்கேனில் ஏறக்குறைய இப்படியே தெரியும் என்பதால் டாக்டர் அதற்கும் சோதனை எழுதினால் மறுக்காதீர்கள். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி கரைந்திருந்தால் வலிப்பு மாத்திரையையும் மெதுவாக நிறுத்திவிடலாம், சுண்ணாம்புத் தழும்பாக நின்றுவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் தொடர வேண்டியிருக்கும்.

கேள்வி: ரூம்மேட்டுக்கு வந்தபோது கையில் சாவி கொடுத்தோம், வாயில் ஸ்பூன் வைத்தோம். சரிதானே?

இல்லை. இரும்பால் வலிப்பு நிற்காது, பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால் பலன் கிடைத்த மாதிரித் தெரிகிறது. ஸ்பூன் பல்லை உடைக்கும். வாயில் எதுவும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், தெளியாமலே இரண்டாவது வந்தாலும், இதுதான் முதல் தடவை என்றாலும் 108. மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், வலிப்பில் தோள் பின்பக்கமாக நழுவுவது உண்டு.

கேள்வி: வயது 26, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன மாதம் வலிப்பு வந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதே என்கிறார் அம்மா.

உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். மறைத்துக் கல்யாணம் செய்த பெண்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? யாரும் பார்க்காமல் மாத்திரை போட முடியாமல் விட்டுவிடுகிறார்கள், கல்யாண வீட்டின் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்து, புது வீட்டில் முதல் வாரமே வலிப்பு வந்துவிடுகிறது. சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்: இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக இருந்தது, 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் மறைத்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்ற வழக்குக்கு இடம் கொடுத்ததாகிவிடும். முதலில் மாப்பிள்ளையிடம் நீங்களே பேசுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

அதைவிட அவசரமானது, மாத்திரையின் பெயர். வால்ப்ரோயேட் என்றால், கருவாகும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைவும் வரும் ஆபத்து அதில்தான் அதிகம். ஃபோலிக் ஆசிட் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுவதாக இருந்தாலும் சொல்லுங்கள், சில வலிப்பு மருந்துகள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பயந்து நாளையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைதான் பெறுகிறார்கள்.

கேள்வி: பைக் எப்போது ஓட்டலாம்?

இப்போது வேண்டாம். பிரிட்டனில் முதல் வலிப்புக்குப் பின் ஆறு மாதம் கார், பைக் கூடாது என்று விதியே இருக்கிறது, நானும் குறைந்தது அவ்வளவு காலம் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகச் சொல்வேன். நம் லைசென்ஸ் விண்ணப்பத்தில் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள், அங்கே பொய் எழுதாதீர்கள். பின்னால் உட்காருபவரின் உயிரும் அதில் இருக்கிறது.

கேள்வி: மூன்று மாதமாகிவிட்டது, மறுபடி வரவில்லை. ஆனாலும் குளிக்கப் பயம், தூங்கப் பயம், தனியாக இருக்கப் பயம். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன், அழுகிறேன்.

குளியலறைக் கதவைத் தாழ் போடாதீர்கள், உட்கார்ந்து குளியுங்கள், கிணறு, ஆறு, நீச்சல் குளம் இப்போதைக்கு வேண்டாம், அடுப்படியில் தனியாக நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். இவ்வளவு போதும். வேலைக்குப் போவது, சினிமாவுக்குப் போவது, நண்பர்களோடு ஊர் சுற்றுவது எதையும் விட வேண்டியதில்லை. செல்போன் பார்த்தால் வருமோ என்ற பயமும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் மின்னும் வெளிச்சத்தால் வரும், அது ஈஈஜியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கோபத்தையும் அழுகையையும் உங்கள் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டில் லெவெட்டிராசிட்டாம் என்ற வலிப்பு மாத்திரை இருக்கிறதா பாருங்கள், எரிச்சலும் மனச்சோர்வும் அதன் பக்கவிளைவாகச் சிலருக்கு வரும். நீங்களாக நிறுத்தாமல், டாக்டருக்கு இன்றே போன் செய்து மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியுமா என்று கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அப்படியென்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவே கூடாது, வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இன்றே நேரில் போய்விடுங்கள்.