தாத்தா விட்டுச் சென்ற கச்சேரி ஸ்பூல்களை (சுருளில் சுற்றிய ஒலிநாடாக்களை) இணையத்தில் ஏற்றலாமா? அது திருட்டு என்கிறாரே நண்பர்?

ஏற்றலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லா ஸ்பூலையும் அல்ல. யார் பாடியது, எந்த இடத்தில் பாடியது, அந்தப் பதிவு கடையில் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

திருட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் இல்லையென்றால் கர்நாடக இசையின் பாதி இன்று காதில் விழுந்திருக்காது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பிடிக்கும். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார் என்று கேள்விப்பட்டவன் அந்த மூன்று நிமிஷத்தை வைத்து என்ன புரிந்துகொள்வான்? பாடகர்களில் ஜி.என். பாலசுப்ரமணியம் 1965-ல் போனார், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-ல், மதுரை மணி ஐயர் 1968-ல். அவர்கள் நிதானமாக ராகம் பாடி, ஒரே வரியைப் பலவிதமாக விரித்து நிரவல் செய்து, மிருதங்கத்துக்குத் தனி விட்டு, கடைசியில் பாடும் சின்னப் பாட்டான துக்கடா வரை வந்த முழுக் கச்சேரிகள் பலவும் நமக்குக் கிடைத்தது, சபாவில் ஸ்பூல் ரெக்கார்டரோடு உட்கார்ந்த ரசிகர்களாலும் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிந்தவர்களாலும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், நிகழ்த்துகிற கலைஞருக்கென்று தனி உரிமை நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில்தான் வந்தது. முதலில் 25 ஆண்டு என்று இருந்ததை 1999-ல் 50 ஆண்டாக்கினார்கள். சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வதை அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் ஏற்றுவது அந்த அனுமதிக்குள் வராது. நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆகவே 50 ஆண்டு தாண்டிவிட்ட 1958 கச்சேரியும் இன்னும் தாண்டாத 1988 கச்சேரியும் ஒன்றல்ல.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரியதாகத் தெரிவது கலைஞரின் விருப்பம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்த மேடையில் வாசிப்பதில்லை என்றே நின்றவர். தன் வாசிப்பு கேட்பவரிடம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவ்வளவு கறார். சபாவில் டிக்கெட் போட்டு ஆயிரம் பேர் முன்னால் பாடியது ஏற்கெனவே ஊர் கேட்டதுதான். அதை இன்னும் நாலு பேர் கேட்பதில் பாடியவருக்குக் குறையில்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பேருக்காகப் பாடியது, சிஷ்யருக்குப் பாடம் சொன்னபோது பதிந்தது, தொண்டை கட்டியிருந்தும் ஒப்புக்கொண்டதற்காகப் பாடி முடித்தது, இவையெல்லாம் வேறு. பாடம் சொல்லும் டேப்பில் திட்டு இருக்கும், வேறு வித்வான்களைப் பற்றிய பேச்சு இருக்கும். பாடியவர் உயிரோடு இருந்தால் அவரிடம், இல்லையென்றால் குடும்பத்திடமோ சிஷ்யரிடமோ கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

கடையில் விற்பதை ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. பழைய கச்சேரிகளைத் தேடிப் பிடித்து, குடும்பத்திடம் அனுமதி வாங்கி, ஒலியைச் சுத்தம் செய்து குறுந்தகடாகப் போட்ட சிறு நிறுவனங்கள் சென்னையில் இருந்தன. அந்தத் தட்டை வாங்கியவர்களே மறுவாரம் யூடியூபில் ஏற்றினால் அடுத்த தட்டுக்கு யார் பணம் போடுவார்கள்? எம்.எஸ். சுப்புலட்சுமி போன்றவர்கள் ராயல்டியைக்கூட அறப்பணிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கைவைத்தால் அடிபடுவது கம்பெனி மட்டும் அல்ல. அதேபோல, இலவசமாகக் கைமாறி வந்த கச்சேரியை ஏற்றி விளம்பர வருமானம் பார்ப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பாடியவரின் பேரனுக்கு ஒரு காசு போகாதபோது, பதிந்தவருக்கும் போகாதபோது, ஏற்றியவருக்கு மட்டும் எந்த நியாயத்தில் போகிறது?

இன்னொரு அநியாயம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வானொலிக் கச்சேரியின் தொடக்கத்திலும் முடிவிலும் அறிவிப்பாளர் வயலின் யார், மிருதங்கம் யார் என்று சொல்வார். பல பதிவுகளில் அந்தச் சில விநாடிகளை வெட்டிவிடுகிறார்கள். அதோடு பக்கவாத்தியக்காரரின் பெயரும் போயிற்று. பிறகு யாரோ குத்துமதிப்பாக ஒரு பெரிய பெயரை எழுத, அடுத்தவர் அதையே நகலெடுக்க, உண்மையில் வாசித்தவர் காணாமலே போகிறார். வேகமும் அப்படித்தான். ஸ்பூல் ஓடும் வேகம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறி, கம்பீரமான குரல் கீச்சென்று கேட்கும். அந்தக் குரலை முதல்முறை கேட்கும் இளைஞர் 'இவரையா இப்படிக் கொண்டாடினார்கள்?' என்று மூடிவிட்டுப் போவார். அனுமதி இல்லாமல் ஏற்றியதைவிட அந்தக் கலைஞருக்கு இது செய்யும் கேடு அதிகம் என்பேன்.

பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் சரியல்ல. சென்னை மியூசிக் அகாடமியில் ஒலிப்பதிவுக் களஞ்சியம் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம், நகல் தரமாட்டார்கள். அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் தென்காசியில் வயலின் கற்கும் பெண் அதற்காக எத்தனை தடவை சென்னைக்கு வர முடியும்? காந்த நாடா நமக்காகக் காத்திருக்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், சில வகை நாடா புளிக்காடி வாடை அடித்துச் சுருங்கும்.

அதனால் முதல் வேலையாக, பழைய மெஷினில் நீங்களே ஓட்டிப் பார்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுங்கள். பெட்டி மேல் தாத்தா கைப்பட எழுதியதைப் படம் எடுத்து வையுங்கள். தேதி, சபா, பக்கவாத்தியம் எல்லாம் அதில்தான் இருக்கும். சுருதியைச் சரிபார்க்கச் சங்கீதம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகள் வரையிலான சபா கச்சேரிகளை, வெளியாகாதவை என்று உறுதி செய்துகொண்டு, விளம்பரம் இல்லாமல், அத்தனை பெயரும் போட்டு ஏற்றுங்கள். குடும்பத்தார் யாராவது எடுக்கச் சொன்னால் வாதம் பண்ணாமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வாசிப்பவர் யார் என்று தெரியாத கல்யாண நாகஸ்வரப் பதிவு ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்யாணம் உங்கள் வீட்டுடையதுதானே? ஊர் பெயரும் வருஷமும் போட்டு அதையும் ஏற்றுங்கள், கலைஞர் பெயர் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதி. தஞ்சாவூர்ப் பக்கம் அந்தச் சீவாளிச் (ஊதும் நாக்கின்) சத்தத்தையும் பிருகா என்கிற வேகமான ஸ்வர உருட்டலையும் கேட்டதும் இது யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.