பாராலிம்பிக் பதக்கத்தை ஒலிம்பிக் பதக்கத்துக்குச் சமமாகக் கொண்டாடுவது சரியா?

சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 பாரிஸ் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்: ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6, பாராலிம்பிக்கில் 29, அப்படியானால் இது சுலபம்போல என்று தோன்றியிருக்கும். மாற்றுத்திறனாளிகளின் போட்டியான பாராலிம்பிக்கில் உடல் குறைபாட்டின் வகை, அளவைப் பொறுத்துப் பிரிவுகள் அதிகம், அதனால் பதக்கமும் அதிகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிரிவுக்குள் போவதற்கே என்ன பாடு என்று பாருங்கள்.

எனக்குப் போலியோ, இடது கால். உட்கார்ந்து குண்டு எறிகிறவன், மாநிலப் போட்டிவரை போயிருக்கிறேன். யார் எந்தப் பிரிவு என்று முடிவு செய்கிற கிளாசிஃபிகேஷன் அறையில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு "தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க" என்பார்கள், ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மார்க், அப்புறம் களத்தில் எறியும்போதும் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள். இருக்கையைப் பட்டை போட்டுத் தரையோடு இறுக்கியிருக்கும். எறிகிற வேகத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பினால் கொடி தூக்கிவிடுவார்கள், அந்த எறி செல்லாது. கால் தரவேண்டிய விசையையும் தோளும் இடுப்பும்தான் தரவேண்டும்.

யாரும் பரிதாபப்பட்டுத் தொடங்கிய விஷயமும் இல்லை இது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், டாக்டர் லுட்விக் குட்மன் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் அடிபட்ட 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார், அதுதான் வளர்ந்து 1960-ல் ரோமில் முதல் பாராலிம்பிக்காக நடந்தது. ஒலிம்பிக் நடந்த அதே அரங்குகள் எங்களுக்கும் கிடைத்து நிலைத்தது 1988 சியோலில் இருந்துதான்.

ஒலிம்பிக் வீரர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் ஜெயித்தபோது நானும் கைதட்டியவன்தான். ஆனால் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-லேயே ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிவிட்டார், பத்மஸ்ரீ வந்தது 2018-ல். 46 வருஷம்! நம் சேலத்து மாரியப்பன் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று முறை தொடர்ந்து வாங்கியவர். இதையே சமமாகக் கொண்டாடவில்லையென்றால் வேறு எதைக் கொண்டாடுவது?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாரியப்பன் ஜெயித்த அன்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் எங்கள் ஊர் டவுன் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறது, ஊன்றுகோலோடு நான் போய்ச் சேர்வதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். தப்பித்தவறி ஏறினால், மாற்றுத்திறனாளிகளுக்கென்று எழுதியிருக்கிற சீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தச் சீட்டையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.