மிளா கத்தினால் நின்றுவிடுங்கள்

மலை நடை குறித்த வாசகர் கேள்விகளுக்குக் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வனக்காப்பாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, பொதிகை உச்சிக்கு ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாபநாசம் பக்கமிருந்து பழைய பாதை உண்டாமே, இப்போது போகலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பாதை இருந்தது தம்பி. காரையார், பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிக்கட்டி, பூங்குளம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அரிசி, பருப்பைத் தலையில் சுமந்து நடந்திருக்கிறார்கள். இப்போது அந்த வழியாகப் பொதுமக்களை விடுவதில்லை. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்குப் போக வேண்டுமானால் கேரள வனத்துறையிடம்தான் பதிவு செய்ய வேண்டும். வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி வாக்கில் போனக்காடு வழியாக விடுவார்கள். "எனக்கு ஆள் தெரியும், ராத்திரியே கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள்.

வழியை அடைத்துவிட்டார்களே என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். பூங்குளம்தான் தாமிரபரணி பிறக்கிற இடம். அங்கே சோலைக்குள் காலை வைத்தால் கணுக்கால் வரை சருகும் மண்ணும் வாங்கிக்கொள்ளும். ஆனி ஆடிச் சாரலையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் குடித்து வைத்துக்கொண்டு, அந்த மண் வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நம் வயலில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் விளைந்தது அந்தத் தண்ணீரில்தான். ஆயிரம் பேர் மிதித்தால் மண் இறுகிப்போகும். இறுகிய மண்ணில் மழை நிற்காமல் ஓடிவிடும். நானே வேலை நிமித்தமாக அங்கே போனது கொஞ்சத் தடவைதான். அது போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு நடக்க எந்த இடம் நல்லது? (சென்னை வாசகி)

திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்குப் போங்கள் அம்மா. வனத்துறைச் சாவடியில் கேட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். ஜீப்பும் போகும், ஆனால் பிள்ளைகள் நடக்கட்டும். புரட்டாசி சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டத்தில் காடு கண்ணில் படாது.

வழியில் ஒரு பாறையில் பிள்ளைகளைப் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார வையுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் கடித்துப் போட்ட காய்த்தோல் மேலேயிருந்து விழும். அண்ணாந்தால் மலை அணில், பூனை அளவுக்கு இருக்கும். கருமந்தி 'ஊக், ஊக்' என்று குரல் கொடுக்கும். யானை லத்தி கிடந்தால் குச்சியால் கிளறிக் காட்டுங்கள், உள்ளே முளைவிட்ட விதை இருக்கும்.

நம்பியாற்றில் மட்டும் கவனம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகு கூட்டமாக மிதந்து வந்தாலோ துணிமணி, செருப்பு என்று பார்க்காமல் கரையேறிவிடுங்கள். ஓர் ஐப்பசியில் அக்கரையில் மாட்டிக்கொண்ட பதினொரு பேரைக் கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவர எங்களுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பதிவு செய்யுங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகளோடு தொடங்கினார்கள். காட்டை அறிந்த உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகளாக வருவார்கள்.

கேள்வி: அட்டைக்கு என்ன செய்வது? (கோவில்பட்டி வாசகர்)

கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் புகையிலைத் தண்ணீரோ வேப்பெண்ணெயோ தடவுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம், நகத்தால் நெம்பி எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலை விட்டிருக்கும். அதனால் கொஞ்ச நேரம் வழியத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: பாபநாசத்தில் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் கழியும் என்கிறார்கள். விடலாமா? (மதுரை வாசகி)

வேண்டாம் அம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஆடி அமாவாசை முடிந்ததும் நாங்கள் ஆற்றில் இறங்கித் துணி இழுப்போம். ஒரு சேலை கல் இடுக்கில் மாட்டினால் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மண் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு பொதியை வெளியே எடுக்க நாலு ஆள் வேண்டும். நைலான், பாலியெஸ்டர் எதுவும் மக்காது. ஒரு தடவை பொதியைப் பிரித்தபோது உள்ளே சின்ன நீர்நாய் ஒன்று செத்துக் கிடந்தது. காலில் ஜாக்கெட் துணி சுற்றியிருந்தது. என்னோடு நின்றவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அதே தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. நன்றாக முங்கிக் குளியுங்கள், சாமி கும்பிடுங்கள், ஈரத் துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இத்தனை வருஷத்தில் புலியைப் பார்த்திருக்கிறீர்களா? (தென்காசி வாசகர்)

மூன்று தடவை. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்கள் ஆயின. 1988-இல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இருந்தும் புலியைப் பார்ப்பதைவிட அது இருப்பதைக் கேட்பதுதான் அதிகம். கருமந்தி மரத்தில் பதறும், மிளா என்கிற பெரிய மான் தொண்டை கிழியக் கத்தும். மிளா கத்தினால் நின்றுவிட வேண்டும், ஒரு எட்டு கூட முன்னால் வைக்கக் கூடாது.

செங்கல்தேரி போகிற வழியில் ஒரு விடியற்காலை, ஈர மண்ணில் தடம் கிடந்தது. என் விரித்த கை அகலம். அதில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. சரிவுக்கு மேலே மிளா இரண்டு தடவை கத்தியது. நானும் கூட வந்த, இந்த மலையின் பழங்குடியான காணிக்காரத் தம்பியும் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். அப்புறம் வந்த வழியே திரும்பிவிட்டோம்.